ஓடும் நாய் ஏன் விழுகிறது?



மனிதன் தன் வேட்டைக்குத் துணையாக வளர்த்த நாய்கள் பல வகையின. இரையைத் துரத்திப் பிடிப்பது ஒரு வகை. மோப்பத்தால் இரை இருக்குமிடத்தை அறிந்து, அசையாமல் நின்று காட்டுவது மற்றொரு வகை. துப்பாக்கியால் சுடப்பட்டு நீரிலோ புதரிலோ விழுந்த பறவையைத் தேடிச் சென்று, பல் அழுந்தாமல் வாயிற் கவ்விக் கொணர்ந்து, தலைவன் கையிற் சேர்ப்பது மூன்றாம் வகை. இம்மூன்றாம் வகையைச் சேர்ந்ததே லாப்ரடார் நாய். நம் நாட்டு வீடுகளிலும் காவல் துறையின் மோப்பப் படைகளிலும் இன்று நாம் காணும் அதே நாய்தான். இந்நாயின் மரபில் மறைந்து வரும் ஒரு குறையைப் பற்றியும், அக்குறையின் வேரை அறிவியல் கண்டறிந்த வகையைப் பற்றியும் இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

முதலில் இந்நாயின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். பெயர் லாப்ரடார் என்றிருப்பினும், இதன் முன்னோர் வாழ்ந்த இடம் அதற்குத் தெற்கேயுள்ள நியூபவுண்ட்லாந்துத் தீவு. அங்கே மீனவர்களோடு படகிற் சென்று, குளிர்ந்த கடலிற் குதித்து, கயிறுகளையும் தூண்டிலினின்று நழுவிய மீன்களையும் மீட்டுவந்த கறுப்பு நாய்களே அவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீன் ஏற்றிய கப்பல்களுடன் அவை இங்கிலாந்தின் பூல் துறைமுகத்தை அடைந்தன. மாம்ஸ்பரிப் பிரபுவின் குடும்பமும் ஸ்காட்லாந்தின் பக்ளூக் கோமகன் குடும்பமும் அவற்றைப் பேணி வளர்த்தன. 1903-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நாய் வளர்ப்போர் கழகம் லாப்ரடாரைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. 1917-இல் அமெரிக்கக் கழகமும் அவ்வாறே பதிவு செய்தது.

வேட்டைக்கென வளர்ப்போர் இந்நாயிடம் எதிர்பார்த்த பண்பு எது? உடல் வலிமை மட்டுமன்று; அடங்காத ஆர்வம். ஒரு பறவையைக் கொணர்ந்தவுடனே அடுத்த பறவைக்காகத் துடித்து நிற்க வேண்டும். பனி உறையும் நீராயினும், முள் நிறைந்த புதராயினும் தயங்கலாகாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இதற்கெனக் களப் போட்டிகள் நடைபெறுகின்றன. அவற்றில் வென்ற நாயின் குட்டிகளுக்கு மதிப்பு மிகுதி. ஆகவே ஆர்வம் மிக்க நாயையே தேர்ந்தெடுத்து, அதனோடு ஆர்வம் மிக்க நாயையே சேர்த்து, தலைமுறை தலைமுறையாக இனம் பெருக்கினார்கள்.

இத்தகைய நாய்களிடையே ஒரு விந்தையான தளர்ச்சி காணப்பட்டது. நாய் இளமையின் நிறைவில் இருக்கும். ஏழு மாதத்திற்கும் இரண்டு ஆண்டிற்கும் இடைப்பட்ட வயது. கடும் பயிற்சி தொடங்கும் பருவம். அமைதியாக இருக்கும்போது அதனிடம் எந்தக் குறையும் தெரியாது. நடக்கும், நீந்தும், குதிக்கும். ஆனால் மிகுந்த எழுச்சியோடு, ஐந்து முதல் பதினைந்து நிமிடம் வரை இடைவிடாது ஓடிய பின்னர், அதன் பின்னங்கால்கள் தள்ளாடத் தொடங்கும். இடுப்புத் தாழும். கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். சில நாய்களுக்கு முன்னங்கால்களும் சோர்ந்து, எழவே முடியாமற் போகும்.

இதில் நெஞ்சை உருக்கும் செய்தி ஒன்று உண்டு. தளர்ந்து விழும் நாய்களுட் பெரும்பாலானவை உணர்விழப்பதில்லை. வலியால் துடிப்பதும் இல்லை. வீசி எறிந்த பொருளின் மீதே கண் வைத்திருக்கும். பின்னங்கால்களைத் தரையில் இழுத்துக்கொண்டே அதை நோக்கி ஊர்ந்து செல்ல முயலும். உள்ளம் ஓடச் சொல்கிறது, கால் மறுக்கிறது. ஓய்வு கிடைத்தால் ஐந்து முதல் இருபத்தைந்து நிமிடத்திற்குள் நாய் பழைய நிலையை அடைந்துவிடும். பிறகு ஒன்றுமே நடவாதது போல வாலை ஆட்டும். ஆனால் தள்ளாட்டத்தைக் கண்ட பிறகும் ஓட விட்டால், சில நாய்கள் அங்கேயே உயிர் துறந்ததும் உண்டு.

இதைக் கண்ட பயிற்சியாளர் என்ன எண்ணுவார்? நாய் சோம்பல் கொண்டது என்று ஒருவர் கூறுவார். பயிற்சி போதாது, இன்னும் ஓட்டினால் உடல் பழகிவிடும் என்று மற்றொருவர் கூறுவார். வெயில் தாக்கியது என்பார் வேறொருவர். இவற்றுள் இரண்டாவது கருத்தே மிகவும் கொடியது. எந்தச் செயல் நாயை வீழ்த்துகிறதோ, அதே செயலை அது மருந்தென்று தருகிறது.

கால்நடை மருத்துவர்களும் முதலில் திகைத்தனர். இதயத்தைச் சோதித்தனர், குருதியிலுள்ள சர்க்கரையை அளந்தனர், தசையின் சிறு துண்டை எடுத்து நோக்கினர். விடை கிடைக்கவில்லை. தளர்ந்த நாயின் உடல் வெப்பத்தை அளந்தபோது, அது 41 டிகிரி செல்சியஸைத் தாண்டி நின்றது. நாய்க்கு இயல்பான வெப்பம் 38 முதல் 39 டிகிரி வரையே. காரணம் கிடைத்துவிட்டது என்று கருதத் தோன்றும் அல்லவா? ஆனால் கனடாவின் சஸ்கச்சுவான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் டெய்லரும் அவருடைய துணைவர்களும் நோயற்ற லாப்ரடார் நாய்களையும் அதே அளவு ஓடச் செய்து அளந்து பார்த்தார்கள். அவற்றின் வெப்பமும் ஏறத்தாழ அதே அளவு உயர்ந்திருந்தது. ஆயினும் அவை விழவில்லை! ஆகவே வெப்பம் மட்டும் காரணமாகாது என்பது புலனாயிற்று. ஒப்பிட்டுப் பார்க்க இயல்பான ஒன்றை அருகில் வைத்துக்கொள்ளாத ஆராய்ச்சி எவ்வளவு எளிதாக வழி தவறும் என்பதற்கு இது நல்ல பாடம்.

வம்சாவளியை ஆராய்ந்தபோது மற்றோர் உண்மை வெளிப்பட்டது. ஒரே ஈற்றிற் பிறந்த குட்டிகளுள் ஒன்றோ இரண்டோ தளர்கின்றன. ஏனையவை நலமாக உள்ளன. தாயையும் தந்தையையும் நோக்கினால், இரண்டும் களப் போட்டியில் ஓடி வென்ற நாய்களாக இருக்கலாம். நலமுள்ள பெற்றோருக்குக் குறையுள்ள குட்டி பிறப்பது எங்ஙனம்?

இவ்வினாவிற்கு வேண்டிய திறவுகோலை 1866-ஆம் ஆண்டிலேயே கிரெகோர் மெண்டல் என்ற துறவி உலகிற்கு அளித்திருந்தார். நெட்டைப் பட்டாணிச் செடியையும் குட்டைப் பட்டாணிச் செடியையும் அவர் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லாம் நெட்டையாகவே வளர்ந்தன. அவற்றின் மக்களுள் மூன்று நெட்டைக்கு ஒன்று குட்டை என்ற அளவில், மறைந்திருந்த குட்டைத் தன்மை மீண்டும் தோன்றியது. ஒவ்வொரு பண்பிற்கும் உயிர்கள் இரண்டு மரபணுக்களைப் பெறுகின்றன: ஒன்று தாய் வழி, மற்றொன்று தந்தை வழி. சில குறைகள், இரண்டும் பழுதாக இருந்தாலன்றி வெளிப்படுவதில்லை. ஒன்று மட்டும் பழுதாயின், நல்லதாகிய மற்றொன்று வேலையை நடத்திவிடும். இத்தகைய குறையை ஒடுங்கு பண்பு என்கிறோம். பழுதான ஒன்றை மறைவாகச் சுமக்கும் நாயைச் சுமப்பி என்று அழைப்போம். சுமப்பி விழுவதில்லை, ஆனால் தன் சுமையைக் குட்டிகளுக்கு வழங்கக்கூடும்.

அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் எட்வர்டு பேட்டர்சனும் ஜேம்ஸ் மிக்கெல்சனும் அவர்களுடைய குழுவினரும், சூசன் டெய்லர் முதலியோருடன் சேர்ந்து இம்மரபணுவைத் தேடினார்கள். தளர்ச்சியுள்ள நாய்களின் குடும்பங்களை ஒப்பிட்டு, குறை ஒன்பதாம் குரோமோசோமில் உள்ளது என்று முதலில் வரையறுத்தனர். பிறகு எல்லையைச் சுருக்கிக்கொண்டே சென்று, 2008-ஆம் ஆண்டில் டைனமின்-1 என்னும் புரதத்தை அமைக்கும் மரபணுவில் பழுதைக் கண்டனர். புரதம் என்பது கண்ணிகள் கோத்த சங்கிலி போன்றது. டைனமினில் 800-க்கும் மேற்பட்ட கண்ணிகள் உள்ளன. அவற்றுள் 256-ஆம் இடத்தில் ஒரே ஒரு கண்ணி மாறியிருந்தது. அந்த ஒன்றே போதுமானதாயிற்று.

டைனமின் செய்யும் பணி யாது? கால் அசைய வேண்டுமென்றால், நரம்பின் முனையிலிருந்து ஒரு வேதிப் பொருள் வெளிப்பட்டுத் தசையை அடைய வேண்டும். அப்பொருள் மிக நுண்ணிய பைகளில் அடைக்கப்பட்டிருக்கிறது. ஆணை வந்ததும் பைகள் நரம்பு முனையின் சவ்வோடு ஒன்றி, உள்ளிருப்பதைக் கொட்டுகின்றன. கொட்டிய பின்னர், சவ்வோடு கலந்த பையைக் கிள்ளி உள்ளே மீட்டு, மறுபடியும் நிரப்பிப் பயன்படுத்த வேண்டும். அந்தக் கிள்ளி மீட்கும் வேலையே டைனமினுக்கு உரியது.

திருமணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். குழம்பு வாளிகள் சமையற்கட்டிலிருந்து பந்திக்குச் செல்கின்றன. காலியான வாளிகளைத் திரட்டி மீண்டும் சமையற்கட்டிற்குக் கொண்டுவர ஓர் ஆள் வேண்டும். விருந்தினர் சிலரே வந்தால், அந்த ஆள் மெதுவாக நடந்தாலும் குறை தெரியாது. கூட்டம் பெருகி, பந்திமேற் பந்தி நடக்கும்போதுதான் அவனுடைய சோர்வு வெளியாகும். அண்டா நிறையக் குழம்பு இருக்கும். எடுத்துச் செல்ல வாளி இராது. பந்தி நின்றுவிடும். பழுதுற்ற டைனமின் உடைய நாயின் நிலையும் இதுவே. மெல்ல நடக்கும்போதும் விளையாடும்போதும் பைகள் போதுமானவையாக உள்ளன. இடைவிடாத ஓட்டத்தில், நரம்புகள் ஆணைமேல் ஆணை அனுப்பும்போது, பைகள் திரும்பி வருவது தடைப்பட்டுக் கால்கள் சோர்கின்றன. சிறிது ஓய்வு கிடைத்ததும் பைகள் மீள்கின்றன. நாயும் எழுந்து நிற்கிறது.

இதனோடு தொடர்புடைய ஒரு சிறு பூச்சியின் கதையையும் கேளுங்கள். வான்கூவர் நகரில் டேவிட் சுசுகியின் ஆய்வுக்கூடத்தினர் பழ ஈக்களை ஆராய்ந்து, 1973-இல் ஒரு புதுமையை வெளியிட்டனர். ஒரு வகை ஈ, சாதாரண வெப்பத்திற் பறந்து திரியும். வெப்பம் சற்று உயர்ந்தால் அசைவற்றுக் கிடக்கும். குளிர்வித்தால் மீண்டும் பறக்கும். மரத்துப் போதல் என்று பொருள்படும் ஷிபிரே என்ற ஜப்பானியச் சொல்லால் அதற்குப் பெயரிட்டனர். அந்த ஈயிற் பழுதுற்றதும் டைனமின் மரபணுவே என்பது 1991-இல் தெளிவாயிற்று. ஓடிச் சூடேறி விழுந்து, ஓய்ந்தபின் எழும் நாயின் புதிரை அவிழ்க்க, சூட்டில் விழுந்து குளிர்ச்சியில் எழும் ஈ துணை நின்றது. ஈயை ஆராய்ந்து பயன் என்ன என்று அன்று ஒருவர் கேட்டிருந்தால், அவருக்கு விடை கூறுவது அரிதாக இருந்திருக்கும். அறிவுக்கு அறிவு எங்கே உதவும் என்பதை முன்கூட்டி அளந்துவிட முடியாது.

சரி, இக்குறை இவ்வினத்தில் இவ்வளவு பரவியது ஏன்? 2008-ஆம் ஆண்டின் ஆய்விற் பல்வேறு லாப்ரடார்க் கூட்டங்களைச் சோதித்தபோது, நூற்றுக்கு ஏறத்தாழ 18 முதல் 38 வரை சுமப்பிகளாக இருந்தன. இரு பழுது மரபணுக்களையும் கொண்டவை நூற்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 14 வரை இருந்தன. இது சிறிய தொகையன்று. வென்ற ஆண் நாய் ஒன்றை எல்லோரும் நாடுகின்றனர். அது நூற்றுக்கணக்கான குட்டிகளுக்குத் தந்தையாகிறது. அது சுமப்பியாக இருப்பின், அதன் புகழோடு பழுதும் சேர்ந்தே பரவுகிறது. சில தலைமுறைக்குப் பின்னர் அதன் பேரக் குட்டிகள் ஒன்றோடொன்று சேரும்போது, மறைந்திருந்தது வெளிப்படுகிறது. புகழ்பெற்ற மூதாதை ஒன்றை வம்சாவளியின் இரு பக்கத்திலும் காண்பது நாய் வளர்ப்போருக்குப் பெருமை. அப்பெருமைக்குள்ளே இப்படியும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

இன்று சிறிது குருதியோ கன்னத்தின் உட்புறத்தைத் தடவி எடுத்த பஞ்சோ இருந்தால் போதும். நாய் குறையற்றதா, சுமப்பியா, இரு பழுதும் கொண்டதா என்பதை ஆய்வுக்கூடம் கூறிவிடும். இனி ஒரு சிறு கணக்குப் போடுவோம். சுமப்பியைச் சுமப்பியோடு சேர்த்தால், சராசரியாக நான்கு குட்டிகளுள் ஒன்று தளர்ச்சிக்கு ஆளாகும், இரண்டு சுமப்பியாகும், ஒன்று குறையற்றதாகும். சுமப்பியைக் குறையற்ற நாயோடு சேர்த்தால், பாதிக் குட்டிகள் சுமப்பிகளாகலாம். ஆனால் தளரும் குட்டி ஒன்றும் பிறவாது. இரு பழுதும் கொண்ட நாயைக் குறையற்றதோடு சேர்த்தாலுங்கூடக் குட்டிகள் எல்லாம் சுமப்பிகளே. விழுவது ஒன்றும் இல்லை.

இக்கணக்கை அறிந்தவர் என்ன செய்ய வேண்டும்? சுமப்பிகளை எல்லாம் ஒதுக்கிவிட்டாற் பழுது ஒரே தலைமுறையில் ஒழியுமே என்று சிலருக்குத் தோன்றும். அவசரத்தில் அது அறிவுடைமை போலவே தோற்றமளிக்கும். ஆனால் மூன்றில் ஒரு பங்கு நாய்களை ஒதுக்கினால், அவற்றோடு நல்ல மூட்டும், நல்ல கண்ணும், நல்ல குணமும் ஒதுங்கிவிடும். எஞ்சிய சில நாய்களுக்குள்ளேயே இனம் பெருக வேண்டிவரும். அப்போது இன்று நாம் பெயர் அறியாத வேறு பழுதுகள் இரட்டித்து வெளிப்படும். ஆகவே சிறந்த சுமப்பி நாயைக் குறையற்ற துணையோடு சேர்த்து, பிறக்கும் குட்டிகளைச் சோதித்து, அவற்றுள் நல்லதும் குறையற்றதுமான குட்டியை அடுத்த தலைமுறைக்குத் தேர்ந்தெடுத்து, பழுதைப் படிப்படியாகக் குறைப்பதே நல்வழி. களையைப் பறிப்பவன் பயிரையும் சேர்த்துப் பிடுங்குவதில்லை.

இரு பழுதும் கொண்டு பிறந்துவிட்ட நாய்க்கு என்ன வழி? பழுதை நீக்கும் மருந்து இல்லை. ஆயினும் அது துயர வாழ்வு வாழ வேண்டியதில்லை. நடைப் பயிற்சி, அளவான விளையாட்டு, இடையிடையே ஓய்வு இவையே அதற்குப் போதும். எழுச்சியூட்டி, ஒரே பொருளை மீண்டும் மீண்டும் வீசி எடுத்துவரச் செய்யும் ஆட்டத்தை, வெப்பம் மிக்க வேளையிற் சிறப்பாக, விலக்க வேண்டும். பின்னங்கால் தள்ளாடும் முதல் அறிகுறியிலேயே ஆட்டத்தை நிறுத்தி, நீர் காட்டி, உடலைக் குளிர்விக்க வேண்டும். இன்னொரு முறை எறிவோம் என்ற ஆசையே உயிருக்கு உலை வைக்கும். இம்முறையிற் பேணப்படும் நாய்கள் நெடுங்காலம் வீட்டுத் தோழனாக வாழ்கின்றன.

ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். விழும் நாய் எல்லாம் இக்குறையால் விழுவதில்லை. இதய நோய், குருதிச் சோகை, வலிப்பு, வெப்பத் தாக்கு ஆகியவையும் நாயை வீழ்த்தும். ஆடு மேய்க்கும் பார்டர் காலி நாய்களிடமும் இதைப் போன்ற தளர்ச்சி உண்டு; அதற்குக் காரணம் இந்த டைனமின் பழுது அன்று என்று சோதனைகள் காட்டின. மறுபுறம், செசபீக் வளைகுடா நாய், சுருள்மயிர் வேட்டை நாய், பாய்க்கின் ஸ்பானியல், பெம்புரோக் கோர்கி ஆகியவற்றிலும் இதே பழுது காணப்பட்டது. எனவே தோற்றத்தைக் கொண்டு முடிவு கட்டாமல், மருத்துவரின் சோதனையைக் கொண்டே தெளிய வேண்டும்.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. இரு பழுது மரபணுக்களையும் உடைய நாய்கள் எல்லாம் விழுவதில்லை. அமைதியான இயல்புடைய நாய், தன்னை மிஞ்சி ஓடாத நாய், ஆயுள் முழுவதும் விழாமலே வாழ்ந்துவிடுதல் கூடும். துடிப்பும் ஊக்கமும் மிக்க நாயே விழுகிறது. எந்தப் பண்பிற்காக அதைப் பாராட்டினோமோ, அந்தப் பண்பே அதைத் தன் உடலின் எல்லைக்கு அப்பால் இழுத்துச் செல்கிறது. அதற்கு எல்லை காட்ட வேண்டியவன் அதன் தலைவன். நாய்க்குத் தன் மரபணுவைப் பற்றித் தெரியாது. நிறுத்து என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளவும் தெரியாது. அறிவு மனிதனிடம் இருக்கிறது. ஆகவே பொறுப்பும் அவனிடமே இருக்கிறது.

நெடுங்காலம் வகுப்பறையிற் கழித்தவன் என்ற முறையில், இளைஞர்களாகிய உங்களிடம் ஒன்று கூறி என் பேச்சை முடிக்கிறேன். உங்களுட் சிலர் நாளை மருத்துவராவீர்கள், சிலர் ஆசிரியராவீர்கள், பலர் பெற்றோராவீர்கள். உங்கள் பொறுப்பில் உள்ள ஓர் உயிர் தளர்ந்து நிற்கும்போது, சோம்பல் என்ற சொல் எளிதாக நாவில் வரும். அச்சொல்லைக் கூறுமுன், அந்த உயிரால் இயலாதது எது, அதன் காரணம் யாது என்று ஆராயுங்கள். காரணம் தெரியாதவரை கோலை ஓங்காதீர்கள். காரணம் தெரிந்தபின் அதற்கேற்ற வேலையை அளியுங்கள். வீழ்ந்தும் தவழ்ந்து முன்னேற முயலும் அந்த நாயிடம் ஊக்கம் குறைவாக இருக்கவில்லை. அதைக் கண்டுகொள்ளும் கண்ணே நமக்கு வேண்டும்.